லிப்கியில் எத்தனை பேர்

கோபாலகிருஷ்ணனை அலுவலகத்தில் ‘கிரிஷ்’ என்று அழைத்தார்கள். சிட்னியின் தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய்கள் போகும் வழியை வரைபடமாக்குவது அவர் வேலை. அவர் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அதைத் தவிர அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல 1975 வரை ஒன்றும் இருக்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர், வயது முப்பத்தெட்டு. ஹோம்புஷில் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. யாரோடும் சண்டை இல்லை, யாரோடும் பெரிய நெருக்கமும் இல்லை. அமைதியானவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆசைப்படும்படி எதையும் காணாதவனையும் அமைதியானவன் என்றுதான் சொல்கிறோம்.

அந்த வருஷம் அவருக்குப் பொறாமை வந்தது. அது ஓர் ஆளின் மேலா, ஓர் ஊரின் மேலா என்பதை அவர் கடைசிவரை பிரித்துப் பார்க்கவில்லை.

ஆளின் பெயர் பாவெல் நிகீதிச். வீட்டுச் சொந்தக்காரர், முன்பாதியில் தனியாக இருந்தார். மனைவி இறந்து பல வருஷம். போரில் ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போன ரஷ்யர்களில் ஒருவர். அகதி முகாம்களில் கிடந்து, கப்பலேறி இங்கே வந்து, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்காரர். பாவெல் என்பது அவர் பெயர். நிகீதா அவருடைய அப்பா. மரியாதைக்குரிய ஒருவரை அவர் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவது ரஷ்யர் வழக்கம்.

ஊரின் பெயர் லிப்கி.

கோபாலகிருஷ்ணனின் மனைவி வேதவல்லி, கும்பகோணத்தில் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள். பரமட்டாவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வாரத்தில் சில நாள் வேலை. வீட்டிலும் ஒரு பழைய மெஷின் வைத்திருந்தாள். சுவரைத் தாண்டி அதன் சத்தம் கேட்டுத்தான் பாவெல் ஒரு சாயங்காலம் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியோடு பின்வாசல் கதவைத் தட்டினார்.

தன் ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்றார். லிப்கிக்காரர்கள் சிலர் சிட்னியிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி படிக்க வராது. ஆகையால் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம். தான் சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தைத் திருத்தித் தட்டச்சு செய்து தர முடியுமா?

“முடியும்” என்றாள் வேதவல்லி.

“நல்லது. உங்கள் அப்பாவின் பெயர் என்ன?”

“வரதராஜன்.”

பாவெல் அதை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். “அப்படியானால் நீங்கள் வேதவல்லி வரதராஜனொவ்னா.”

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் கண்ணில் நீர். கோபாலகிருஷ்ணன் சாப்பாட்டு மேசையில் இருந்தார். பாவெல் போனதும், “இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார்.

“எங்க வீட்டுல நான் வ. வேதவல்லி. கல்யாணமான மறுநாளே கோ. வேதவல்லி ஆயிட்டேன். இங்க வந்ததும் மிஸஸ் கிரிஷ். அந்த ‘வ’வைப் பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். பாத்ததும் எங்கப்பாவே ஊறுகாய் ஜாடியோட வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு.”

“அவன் கூப்பிடற பேர்ல நான் எங்க இருக்கேன்?”

“நீங்க இங்கதானே இருக்கீங்க. சாதம் போடவா?”

அன்றிலிருந்து கோபாலகிருஷ்ணனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புத்தகம் என்று ஒன்று வந்தால், அதில் தன் மனைவியின் பெயர் திருமதி கோபாலகிருஷ்ணன் என்று இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். அவர் அதை அவளிடம் கேட்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் அவள் முன்பாதிக்குப் போனாள். சுவருக்கு இந்தப்பக்கம் கோபாலகிருஷ்ணன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு மெஷின் சத்தத்தைக் கேட்டார். சத்தம் கேட்டால் எரிச்சல். நின்றுவிட்டால் அதைவிட எரிச்சல். நின்றால் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

சந்தேகம் அவருக்கு ஒரு நிமிஷமும் வந்ததில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சந்தேகத்துக்கு மருந்து உண்டு: உண்மை தெரிந்தால் தீர்ந்துவிடும். இவருக்கு உண்மை முழுவதும் தெரிந்திருந்தது. அந்தக் கிழவர் தன் மனைவிக்கு ஓர் ஊரைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை.

“எட்டுக் குடும்பம் வந்துடுச்சுங்க” என்பாள், குழம்பு ஊற்றும்போது.

“எங்க?”

“லிப்கிக்கு. ஜமீன்தார் ஒருத்தன் வேற ஊர்லேருந்து பெயர்த்துக் கொண்டாந்து வச்சிருக்கான். ஏரிக்கரையில நாலு வீடு, மேட்டுல நாலு வீடு. மேட்டுக்காரங்களுக்கும் கரைக்காரங்களுக்கும் முதல் வருஷமே சண்டை.”

“எதுக்கு?”

“தண்ணிக்கு. வேற எதுக்கு?”

பதினோரு வருஷத்தில் கோபாலகிருஷ்ணன் தன் ஊரைப் பற்றி அவளிடம் எத்தனையோ சொல்லியிருந்தார். தண்ணீர்ச் சண்டையும் சொன்னதுண்டு. அவள் உம் கொட்டுவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. லிப்கியில் எந்த வீட்டுப் பசு எந்த வீட்டுத் தோட்டத்தை மேய்ந்தது என்பதுவரை இப்போது அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் அவரோடு மதியம் சாப்பிடுபவர் மகேந்திரராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், பொறியாளர். அவர் காதுக்கும் விஷயம் எட்டியது.

“என்ன கோபால், உம்மட மனிசி ரஷ்யாவுக்குப் போட்டா எண்டு கேள்விப்பட்டனான்.”

“யார் சொன்னா?”

“என்ர மனிசிதான். உம்மட மனிசி ரெலிபோனில ஒரு மணித்தியாலம் லிப்கி லிப்கி எண்டு கதைச்சவவாம். என்ன ஐசே அது, சாப்பாட்டுச் சாமானோ?”

“ஊரு. இப்ப இல்லாத ஊரு. போர்ல எரிச்சுட்டாங்க.”

“அப்ப பயப்பிடாதையும். எரிஞ்ச ஊருக்கு ஒருத்தரும் ஓடிப் போக ஏலாது.”

மகேந்திரராஜா சிரித்தபடி தேநீர் எடுக்கப் போனார். கோபாலகிருஷ்ணனுக்கு அதுவும் வயிற்றெரிச்சலாயிற்று. அவருடைய ஊர் மன்னார்குடிப் பக்கத்தில் உயிரோடுதான் இருந்தது. அதன் பேரை இங்கே டெலிபோனில் சொல்ல ஒருத்தரும் இல்லை.

வேதவல்லி பரமட்டாவுக்குப் போகும் நாட்களில் தட்டச்சுத் தாள்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று கிடைத்தது. பழைய மாகாணப் புள்ளிவிவர நூல் ஒன்று இங்கே ஒரு பாதிரியாரிடம் இருந்ததாம். பாவெல் அதிலிருந்து எடுத்த கணக்கு. 1857ல் லிப்கியில் அறுபத்து நான்கு ஆன்மாக்கள். நாற்பது வருஷம் கழித்து 1897ல் நூற்று நாற்பத்தொரு பேர். நடுவில் ஒரு காலரா, ஒரு பஞ்சம், பாதி ஊரைத் தின்ற ஒரு தீ. இத்தனைக்கும் பிறகு ஊர் இரண்டு மடங்கு பெருகியதா?

அன்று சாப்பிடும்போது, “உன் ஆளு பொய் சொல்றான்” என்றார்.

“என் ஆளா?”

“லிப்கிக்காரன். சனிக்கிழமை நானும் வர்றேன். அவனையே கேப்போம்.”

சனிக்கிழமை அவர் சட்டையை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு, அலுவலகத்துக்குப் போவதுபோல முன்பாதிக்குப் போனார். அந்தக் கணக்கு இருந்த இரண்டு தாள்களையும் பாவெல் முன்னால் வைத்து இரண்டு எண்களையும் தொட்டுக் காட்டினார். வேதவல்லி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பாவெல் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல கேள்வி என்றார். அந்தக் காலத்தில் வரி போடத்தான் ஆன்மாக்களை எண்ணினார்கள். ஆண்களுக்குத்தான் வரி. அதனால் அந்தக் கணக்கில் ஆன்மா என்றால் ஆண். பெண்ணுக்கு அதில் ஆன்மா கிடையாது. 1897ல்தான் எல்லோரையும் ஆள் ஆளாக எண்ணினார்கள்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கோபாலகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. தோற்றதைக்கூட மறந்துவிட்டார். “எங்கள் ஊரிலும் இதேதான்” என்றார். கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது எண்ணுவது தலைக்கட்டைத்தான். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகாதவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அப்பாவின் தலைக்கட்டுக்குள் அடக்கம். புருஷனை இழந்தவள் அரைத் தலைக்கட்டு. பாவெல் முன்னால் குனிந்து கேட்டார். அரை என்ற இடத்தில் தலையாட்டினார். கோபாலகிருஷ்ணனின் ஊர் சிட்னியில் முதல்முறையாக ஒரு மேசைமேல் ஏறியிருந்தது. தன் குரல் உயர்ந்திருப்பதை அவரே கேட்டார்.

அப்போதுதான் வேதவல்லி அவருடைய ஊரைப் பற்றி அவரிடம் முதல் கேள்வியைக் கேட்டாள்.

“உங்க ஊர்ல மொத்தம் எத்தனை தலைக்கட்டு?”

“நூத்தி இருவது.”

“அதுல நான் எங்க இருக்கேன்?”

“என் தலைக்கட்டுல.”

“எனக்குன்னு தனியா?”

“எப்படித் தனியா வரும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க தலைக்கட்டா?”

“அதான் சொன்னேனே. கல்யாணம் ஆனாத்தான்.”

“அப்ப நான் வந்ததாலதான் நீங்க தலை ஆனீங்க. நீங்க போனா நான் அரை. நடுவுல நான் எவ்வளவு?”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

தமிழ் தெரியாத பாவெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “லிப்கியைப் பற்றியா பேசுகிறீர்கள்?” என்றார்.

“ஆமாம்” என்றாள் வேதவல்லி. “லிப்கியைப் பற்றித்தான்.”

பிறகு பாவெல் பக்கம் திரும்பினாள். அந்த அறுபத்து நான்கு ஆண்களோடு இருந்த பெண்கள் யார் யார்? பழைய காலத்துப் பெண்களைத் தெரியாது என்றார் பாவெல். சரி, அவர் பார்த்து வளர்ந்த பெண்கள்? அவர் உற்சாகமாகத் தொடங்கினார். கிணற்றடி வீட்டில் ஸ்தெபானிகா, மேட்டுவீட்டில் இக்னாத்திகா. ஸ்தெபானிகா என்றால் ஸ்தெபானின் பெண்டாட்டி. இக்னாத்திகா என்றால் இக்னாத்தின் பெண்டாட்டி. அவர்களுடைய சொந்தப் பெயர்? பாவெல் வெகுநேரம் யோசித்தார். அடுத்த வீட்டு ஸ்தெபானிகா கையில் ரொட்டி வாங்கித் தின்று வளர்ந்தவர் அவர். அவள் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

கோபாலகிருஷ்ணனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பெண்டாட்டியைப் புருஷன் பெயரால் கூப்பிடுகிற ஊர்தான் லிப்கியும். இத்தோடு இவளுக்கு அந்த ஊர் கசந்துபோகும் என்று நினைத்தார்.

நடந்தது வேறு. பெயர்கள் கிடைக்காமல் மேலே தட்டச்சு செய்யமாட்டேன் என்றாள் வேதவல்லி. லிப்கியில் பிறந்த கிழவி ஒருத்தி கப்ரமட்டாவில் இருந்தாள். பாவெலும் வேதவல்லியும் ரயிலேறி அங்கே போனார்கள். ஒருமுறையில் முடியவில்லை, பல ஞாயிறுகள் போனார்கள். ஸ்தெபானிகாவின் பெயர் அக்ஸீனியா என்று தெரிந்த அன்று, வேதவல்லி பின்வாசல் படியிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏதோ பிள்ளை பிறந்த செய்திபோல.

கோபாலகிருஷ்ணன் அப்போது ஒரு காரியம் செய்தார். புத்தகத்துக்கு லிப்கியின் வரைபடம் ஒன்று வேண்டாமா, நான் வரைந்து தருகிறேன் என்றார். பாவெல் அவரை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கோபாலகிருஷ்ணன் வரைய முன்வந்தது நல்ல எண்ணத்தில் அல்ல. சுவருக்கு அந்தப்பக்கம் தானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கை அதன் போக்கில் நன்றாகவே வேலை செய்தது. ஏரி, மேடு, லிண்டன் மரங்கள், தேவாலயம், கிணறு. ஒவ்வொரு வீட்டின் மேலும் ஆணின் பெயர், அதே அளவு எழுத்தில் பெண்ணின் பெயர். அதே அளவு என்பது வேதவல்லி சொன்னது. ‘அக்ஸீனியா’ என்று எழுதும்போது அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். “நல்லாருக்கு” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவர் எழுத்தை அவள் பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய இடம். அக்ஸீனியாவைத்தானே பார்க்கிறாள் என்று தோன்றிவிட்டது அவருக்கு.

அச்சுக்குப் போவதற்கு முன் பாவெலைத் தனியாகப் பிடித்தார்.

“நன்றி சொல்லும் பக்கத்தில் என் மனைவியின் பெயரைத் திருமதி கோபாலகிருஷ்ணன் என்று போடுங்கள். எங்கள் வழக்கம் அது.”

“போடலாமே” என்றார் பாவெல். “அவரிடம் கேட்டீர்களா?”

“கேட்கத் தேவையில்லை.”

“அக்ஸீனியாவிடமும் யாரும் கேட்கவில்லை” என்றார் கிழவர். “கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் இருக்கிறது.”

அந்த வாரம் முழுவதும் கோபாலகிருஷ்ணன் கேட்கப் போனார். குழம்பு ஊற்றும்போது கேட்க நினைத்தார். விளக்கை அணைக்கும் முன் கேட்க நினைத்தார். கேட்டால் பதில் ஒன்று வரும். அந்தப் பயம்தான். வாரம் முடிந்துவிட்டது.

புத்தகம் 1976ல், ரஷ்யர்களின் ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கிராய்டனில் ஒரு ரஷ்யத் தேவாலய மண்டபத்தில் வெளியானது. முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை மக்கள்தொகை வரிசையாக இருந்தது: ஏறியது, இறங்கியது, 1943ல் பூஜ்யம். மெலிந்த புத்தகம். எழுத்தில் பெரிய நயம் ஒன்றும் கிடையாது. ஆனால் பூஜ்யத்துக்கு முந்திய பக்கத்தில் ஐம்பது சொச்சம் பெண்களின் சொந்தப் பெயர்கள் இருந்தன. அதை நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோபாலகிருஷ்ணன் நன்றிப் பக்கத்தை முதலில் பிரித்தார். தட்டச்சும் திருத்தமும் வேதவல்லி வரதராஜனொவ்னா. வரைபடம் கோபாலகிருஷ்ணன் பக்கிரிசாமியெவிச். ஒன்றின்கீழ் ஒன்று, இரண்டு அப்பாக்களின் இரண்டு பிள்ளைகள். இவருக்கு அவள் என்ன உறவு என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

பாவெல் மேடையேறி, லிப்கிக்காரர்கள் எழுந்திருங்கள் என்றார். அங்கங்கே எழுந்தார்கள். கப்ரமட்டாக் கிழவியை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். பாவெலோடு சேர்த்து ஏழு பேர். “புத்தகத்தில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. அது பிழை” என்றார் பாவெல். “லிப்கியின் இன்றைய மக்கள்தொகை ஏழு.” கொஞ்சம் நிறுத்தினார். “எட்டு. வேதவல்லி வரதராஜனொவ்னா, நீங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏழு கிழடுகளோடு எட்டாவதாக நின்றாள். மண்டபம் கைதட்டியது. கோபாலகிருஷ்ணன் தேநீர் கிளாஸைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மாள் அவர் பக்கம் சாய்ந்து, “நீங்கள் அவருடைய சகோதரரா?” என்று கேட்டாள்.

காரில் திரும்பும்போது பாவெல் உடன் வரவில்லை. மண்டபத்தில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“உன்னை எண்ணிட்டான்” என்றார் கோபாலகிருஷ்ணன்.

“ஆமா.”

“நானும்தானே வரைஞ்சேன். ஒவ்வொரு வீடா வரைஞ்சேன். என்னை எண்ணலையே.”

“உங்களை அதுல எண்ணணுமா?”

“அதுக்குச் சொல்லல.”

“உங்க ஊர்ல என்னைப் பதினோரு வருஷமா எண்ணல. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேனா?”

“அது ஊர் வழக்கம்.”

“இது லிப்கி வழக்கம்” என்றாள் வேதவல்லி. கொஞ்சதூரம் போனதும், “சிவப்பு விளக்கு, நில்லுங்க” என்றாள். அவர் பிரேக்கை அழுத்தினார்.

ஜூன் கடைசியில் ஆஸ்திரேலியா தன் மக்களை எண்ணியது. வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்பாதிக்கு ஒன்று, முன்பாதிக்கு ஒன்று. வேலையிலிருந்து வந்ததும் கோபாலகிருஷ்ணன் மேசையைத் துடைத்து, வரைபடத்துக்கு வைத்திருக்கும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நபர், குடும்பத் தலைவர் என்று இருந்தது. தன் பெயரை எழுதினார்.

வேதவல்லி எட்டிப் பார்த்தாள். “இங்கயும் தலைதானா?”

“ஃபாரம் அப்படி இருக்கு. நான் என்ன பண்றது?”

“எழுதுங்க, எழுதுங்க. லிப்கியில எட்டாவது, இங்க ரெண்டாவது. முன்னேறிட்டேன்.”

இரண்டாம் நபருக்குப் பேனா வந்து நின்றது. நின்றதை அவள் கவனித்தாள். அடுப்படிக்குப் போகத் திரும்பியவள் போகாமல் இருந்தாள். கோபாலகிருஷ்ணன் தலையைத் தூக்கவில்லை.

“உன் பேரை எப்படிப் போடறது?” என்றார்.

அந்தக் கேள்வி அந்த வீட்டில் அதற்குமுன் கேட்கப்பட்டதில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“கோபாலகிருஷ்ணன்னே போடுங்க” என்றாள். “கவர்மென்ட்டுக்கு அது போதும்.”

பல மாதமாக அவர் கேட்காமல் கேட்டது கிடைத்துவிட்டது. எழுத்து எழுத்தாக எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே அழகான எழுத்து அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த ‘போதும்’ காதைவிட்டுப் போகவில்லை. அரசாங்கத்துக்குப் போதும் என்றால், வேறு யாருக்கோ அது போதாது.

அப்போது சுவரில் கிழவர் தட்டினார். “வேதவல்லி வரதராஜனொவ்னா! இந்தத் தாளில் என்னவோ கேட்கிறார்கள், எனக்குப் புரியவில்லை.”

“இதோ வர்றேன்” என்று தமிழிலேயே கத்திவிட்டு அவள் எழுந்தாள்.

“பாத்து. அவன் ஃபாரத்துலயும் உன்னை எழுதிடப் போறான்.”

வேதவல்லி கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “எழுதினா எழுதட்டுமே. இத்தனை நாள் எங்கயும் இல்ல. ஒருநாள் ரெண்டு எடத்துல இருந்துட்டுப் போறேன்.”

முன்பாதியில் கதவு திறந்து மூடியது. கோபாலகிருஷ்ணன் மை காயட்டும் என்று படிவத்தைத் திறந்தே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.